காலம் எங்க போச்சு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருசப்பன் அண்ணாந்து எங்கள் வீட்டுக் கூரையைத்தான் முதலில் பார்த்தார். நான் காபித் தட்டோடு எதிரே நிற்கிறேன், மனுஷன் கண்ணைக் கீழே இறக்கவே இல்லை. மாப்பிள்ளைக்குக் கழுத்தில் ஏதாவது கோளாறா என்று என் அத்தை காதைக் கடித்தாள். ஒரு வழியாகத் தலையை இறக்கி என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் அப்பாவிடம், பீமில் ஒரு விரிசல் தெரிகிறது, வெறும் மேல்பூச்சில்தான், பயப்படாதீர்கள் என்றார். எங்கள் வீட்டில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். இருபத்து நாலு வருஷமாக இந்த மனிதரோடு குப்பை கொட்டுகிறேன்.

எங்களுக்கு ஊர் அடி அண்ணாமலை. நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன், அவருக்கு சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் கூரை போடுவதற்கு முன்னால் பலகையும் தகடும் அடித்து, கீழே சவுக்குக் கம்பை வரிசையாக முட்டுக் கொடுத்து, கூரை இறுகும் வரை தாங்க வைப்பார்கள். நாள் ஆனதும் முட்டைப் பிரித்து எடுப்பார்கள். திருவண்ணாமலையில் எத்தனையோ லாட்ஜும் கடையும் வீடும் இவர் கொடுத்த முட்டின்மேல் இறுகியவைதான். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் மேலே பார்க்கிற பழக்கம். ஆரம்பத்தில் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பழக்கம் பயமாக மாறியது. செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜ் கட்டினார்கள். சித்ரா பௌர்ணமிக்குள் திறந்தாக வேண்டும் என்று கட்டினவருக்கு அவசரம். நாள் ஆகும் முன்பே முட்டைப் பிரிக்கச் சொல்லிவிட்டார். பாதி பிரித்திருக்கும்போது ஒரு கம்பு முனகியிருக்கிறது. யாரோ ஒருவன் ஓடுங்கடா என்று கத்த, ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். முருகவேல் பதறிப்போய் உள்பக்கமாக ஓட, கூரை அவன்மேல் விழுந்துவிட்டது. தினமும் இவர் பின்னால் டி.வி.எஸ் வண்டியில் உட்கார்ந்து வேலைக்குப் போன ஆள் அவன். சாயங்காலம்தான் அவன் உடம்பை வெளியே எடுக்க முடிந்தது.

அதற்குப் பிறகு இவர் தன் ஆட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்தார். கூரைக்குக் கீழே நிற்கும்போது யாரும் கத்தக் கூடாது. ஏதாவது சரியில்லை என்று பட்டால் "டீ வந்துடுச்சு" என்று சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். கேட்டவன் கையில் இருப்பதை வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நடந்து வெளியே வர வேண்டும். நடுவில் நிற்பவர்கள் முதலில், சொன்னவன் கடைசியில். இது எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நான் நிஜமாகவே டீ போட்டுவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னால் மனுஷன் எழுந்து தெருவில் போய் நிற்பார். எங்கள் மகள் கீர்த்தனாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அவள்தான், அம்மா, நீ குடிக்க வாங்கன்னு கூப்பிடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

புதுக் கட்டடம் எதற்குள்ளும் அவர் வருவதில்லை. என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இலையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டார். கல்யாண வீட்டில் தூணைத் தட்டித் தட்டிப் பார்ப்பார், தாலி கட்டுகிற நேரத்தில் மேலே பார்ப்பார். என் சனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் விடுவேனா? பயந்தாங்கொள்ளி, மானத்தை வாங்குகிறீர்கள் என்று வீடு வந்து சேரும் வரை திட்டுவேன்.

இந்த வருஷம் கீர்த்தனாவுக்கு முதல் வேலை கிடைத்தது. வேங்கிக்காலில் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை யாரோ வெளியூர்க்காரர்கள் குத்தகைக்கு எடுத்து, 'கல்லும் ஒளியும்' என்று ஒரு காட்சிக்கூடம் ஆக்கினார்கள். உலகமே கொண்டாடுகிற ஒரு கட்டடக் கலைஞரின் கோபுரங்களையும் கூடங்களையும் நாலு சுவரிலும் தரையிலும் படமாகப் பாய்ச்சுவார்கள், நாம் நடுவில் உட்கார்ந்தால் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருப்பது மாதிரி இருக்கும் என்று கீர்த்தனா கண்ணை விரித்துச் சொன்னாள். அந்தக் கலைஞர் பெயர் வெள்ளைக்காரப் பெயர், என் வாயில் நுழையவில்லை. பெரிய தாடி வைத்திருந்ததால் வீட்டில் நாங்கள் தாடிக்காரர் என்றே சொல்லிக்கொண்டோம். இவளுக்கு வந்தவர்களை உட்கார வைத்து மைக்கில் வரவேற்கிற வேலை. நீலக் கோட்டு கொடுத்திருந்தார்கள். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு நடந்து போவதைப் பார்க்க எனக்குப் பெருமை தாங்காது.

வேலை செய்பவர்களின் குடும்பத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இலவசப் பாஸ் தந்தார்கள். அப்பா வர மாட்டார் என்று நானும் அவளும் முன்பே முடிவுகட்டிவிட்டோம். எந்த இடம் என்று அவர் கேட்டார். மண்டபத்தின் பெயரைச் சொன்னதும் முகம் அப்படியே மலர்ந்தது.

"அது என் ரூஃப். நீ வயித்துல இருக்கும்போது போட்டது. நடுவுல நாலு காலம், ஒவ்வொண்ணும் யானக் காலு மாதிரி. அந்த ரூஃபுக்கு நான் ஜவாப்தாரி" என்றார்.

தூணை இவர்கள் 'காலம்' என்பார்கள். இங்கிலீஷ் வார்த்தை வேலையிடத்தில் புழங்கிப் புழங்கி அப்படி ஆகிவிட்டது. எனக்கு அது தெரியும், இருபத்து நாலு வருஷமாகக் கேட்கிறேன். தெரிந்து என்ன பிரயோஜனம் என்று பிறகு நினைத்தேன்.

தன் கூரைதானே என்று அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் ஒரே இருட்டு. சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு கீர்த்தனா எங்களை நடு ஹாலில் தரைமெத்தையில் உட்கார வைத்தாள். எண்பது பேர் இருப்பார்கள். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்கள், குழந்தை குட்டிகளோடு நாலைந்து குடும்பங்கள், காலேஜ் பெண்கள். மேற்கூரை முழுக்கக் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். இந்த மண்டபத்தில்தான் என் கல்யாணம் நடந்தது, இப்போது எவ்வளவு விசாலமாகிவிட்டது பாருங்கள் என்று பக்கத்தில் ஒரு அம்மாள் சந்தோஷப்பட்டாள். நான் ஆமாம் போட்டேன்.

கீர்த்தனா மைக்கில் பேசினாள். என் வயிற்றில் பிறந்தவளா இப்படிப் பேசுகிறாள் என்று இருந்தது. பிறகு விளக்கு எல்லாம் அணைந்து, காலத்தை வென்ற கட்டடங்கள் என்று ஒரு கனத்த குரல் ஆரம்பித்தது. தரை அதிர்கிற மாதிரி இசை. சுவரிலிருந்து வெளிச்சத்தாலான தூண்கள் மரம் மாதிரி முளைத்து, மேலே போய்க் கிளை விட்டன. திரும்பின பக்கமெல்லாம் தூண். எல்லோரும் ஆகா என்றார்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அப்போது அவர் என் காதுக்குக் கிட்ட வந்து, "ரேவதி, காலம் எங்க போச்சு?" என்று கேட்டார்.

குரல் நடுங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கனத்த குரல் காலம் காலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது, எதிரே மகள் நீலக் கோட்டில் நிற்கிறாள், மனுஷனுக்கும் மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, நேத்துதான் தூளியில போட்டு ஆட்டின மாதிரி இருக்குது, காலம் ஓடியே போச்சு" என்றேன். அவர் இருட்டில் என்னையே பார்த்தார். மறுபடியும் அதையே கேட்டார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம், இப்போது படத்தைப் பாருங்கள் என்று கையைத் தட்டிக்கொடுத்தேன்.

என் கையை விலக்கிவிட்டு எழுந்தார். உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே ஒவ்வொரு அடியாக எண்ணி நடந்தார். ஒரு இடத்தில் நின்று, எதிரே இருந்த வெளிச்சத் தூணைத் தொடுவதுபோல் கையை நீட்டினார். கை நேராக உள்ளே போனது. தூண் அவர் வெள்ளைச் சட்டைமேல் விழுந்து வளைந்தது. இன்னும் கொஞ்ச தூரம் எண்ணி நடந்து கையை நீட்டினார். அங்கேயும் வெறும் வெளிச்சம். ஒரு குழந்தை கைகொட்டிச் சிரித்தது. யோவ் உக்காருய்யா என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தேன்.

"நாலுல ரெண்டு இல்ல. படத்த மறைக்குதுன்னு அறுத்து எடுத்துட்டாங்க. நம்ம தலைக்கு மேல இப்ப ஒண்ணுமே தாங்கல."

அப்போதுதான் எனக்கு அந்த வார்த்தை உறைத்தது. உறைத்த பிறகாவது எழுந்தேனா? இல்லை. இத்தனை பெரிய முதல் போட்டவர்கள் இன்ஜினியரைக் கேட்காமலா எடுத்திருப்பார்கள், உங்களுக்கு எங்கே போனாலும் இதே பயம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் இங்கே கூத்தடித்தால் பெண்ணுக்கு வேலை போய்விடும், முதல் வேலை, பேசாமல் உட்காருங்கள் என்றேன். அவர் எழ முயன்றார். நான் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் மேலே பார்க்கிறார், நான் கீர்த்தனாவைப் பார்க்கிறேன். எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருந்தேன் என்று தெரியாது. மூன்று நாலு நிமிஷம் இருக்கும்.

இசை ஒரேயடியாக உயர்ந்தது. தரை கிடுகிடுவென்று அதிர்ந்தது. மேலேயிருந்து பொடிப்பொடியாக ஏதோ மினுக்கிக்கொண்டு இறங்கியது. புரொஜெக்டர் வெளிச்சத்தில் அது தங்கப் பொடி மாதிரி அழகாக இருந்தது. இதுவும் காட்சியில் ஒரு அங்கம் என்று குழந்தைகள் கையை நீட்டி நீட்டிப் பிடித்தன. ஒரு வெள்ளைக்காரப் பெண் முகத்தை அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் தன் சட்டைத் தோளில் விழுந்ததை விரலால் எடுத்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் விரலில் தடவினார். சாம்பல் நிறம், நறநறவென்று சிமெண்டுப் பொடி. என் பிடி தானாக விட்டுப்போனது.

அவர் ஓடவில்லை. சுவர் ஓரமாக நடந்து, ஒரு மூலையில் டார்ச்சோடு நின்றிருந்த கீர்த்தனாவிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"கீர்த்தி, டீ வந்துடுச்சு" என்றார்.

கடையில் நின்று பேசுகிற குரல் அது. அவள் அப்பா முகத்தில் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை, கோட்டைப் பற்றி, மேனேஜரைப் பற்றி எதுவும் பேசவில்லை. "யாரு மொதல்ல?" என்று மட்டும் கேட்டாள். நடுவில் இருப்பவர்கள், ஓரமாக, ஓடாமல் என்று அவர் சொன்னார். அவள் பின்னாலிருந்த கண்ணாடி அறைக்குப் போய், படம் ஓட்டுகிற அமான் என்ற பையனிடம் சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட விடு, நீயும் கிளம்பு என்றாள். அப்புறம் மைக்கை எடுத்தாள்.

இன்றைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் வெளியே இலவசமாக டீயும் சமோசாவும் தருகிறோம், காட்சிக்கு இடைவேளை, நடுவில் இருப்பவர்கள் முதலில் எழுந்து சுவர் ஓரமாக வாருங்கள் என்று சிரித்த குரலில் சொன்னாள். இங்கிலீஷிலும் சொன்னாள். இலவசம் என்றதும் நம் சனங்கள் மளமளவென்று எழுந்துவிட்டார்கள். வெள்ளைக்காரர்கள்தான் நல்ல இடத்தில் நிறுத்திவிட்டார்களே என்று முணுமுணுத்தார்கள். வாசல் ஒன்றே ஒன்று, அதிலும் ஒரு கதவுதான் திறந்திருந்தது. நான் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே தள்ளப்பட்டேன். வெயிலில் வந்து நின்றபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவரும் வரவில்லை, அவளும் வரவில்லை.

அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தலை வெளியே வரும்போதும் இவள்தான் இவள்தான் என்று எட்டிப் பார்த்தேன். காலேஜ் பெண்கள் வந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். அமான் வந்தான். மனிதர்கள் எவ்வளவு மெதுவாக நடக்கிறார்கள் தெரியுமா? ஒருத்தி வாசலில் நின்று செருப்புத் தேடினாள், அவளை அறைந்துவிடலாம் போலிருந்தது. அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே என்று வாய் தானாக முணுமுணுத்தது. கத்திக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். முருகவேல் நினைவு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு ஆள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, பத்து நிமிஷம் இருந்து பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று அடம்பிடித்திருக்கிறான். கீர்த்தனா அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாளாம். கடைசியில் இவர் அவன் தோளில் கையைப் போட்டுப் பழைய சிநேகிதனை அழைத்து வருவது மாதிரி நடத்திக்கொண்டு வந்தார். அவர்களுக்குப் பின்னால் என் மகள் வந்தாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டீ எங்கே, சமோசா எங்கே என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. மேனேஜர் சுரேஷ்குமார் ஓடி வந்தார். யாரைக் கேட்டு நிறுத்தினாய், அடுத்த காட்சிக்கு ஸ்கூல் பசங்கள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று கீர்த்தனாவைக் கண்டபடி பேசினார். எல்லோர் முன்னாலும் கோட்டைக் கழற்றச் சொன்னார். அவள் கழற்றிக் கொடுத்துவிட்டு, தூணை எடுத்ததில் கூரை இறங்குகிறது, இதைப் போட்ட சென்ட்ரிங் ஆள் என் அப்பாதான் என்றாள். ரெண்டு தூணுக்குப் பதிலாக குறுக்கே இரும்பு கர்டர் போட்டிருக்கிறோம், சென்ட்ரிங் ஆளுக்கு என்ன தெரியும் என்று அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். இவர் விளம்பரப் பேனர் கட்டியிருந்த நீளமான மூங்கிலை உருவிக்கொண்டு, வாசற்படியிலேயே நின்று, உள்ளே கூரையில் அடித்திருந்த கறுப்புத் துணியை எட்டிக் குத்திக் கிழிக்க, துணி நடு ஹால் வரை பிரிந்து தொங்கியது.

துணிக்குள் தேங்கியிருந்ததெல்லாம் தொபதொபவென்று கொட்டியது. காரைக் கட்டிகள், ஒவ்வொன்றும் வெல்ல உருண்டை அளவு இருக்கும். நாங்கள் உட்கார்ந்திருந்த மெத்தைகள் இருந்த இடம் அது. புழுதி அடங்கியதும், கிழிந்த துணிக்கு மேலே பீமில் கம்பி தெரிய வாயைப் பிளந்துகொண்டிருந்த விரிசலை எல்லோரும் பார்த்தார்கள். டீ கேட்டவர்கள் மளமளவென்று வாசலைவிட்டுத் தள்ளிப் போனார்கள். சுரேஷ்குமார் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஒரு மணி நேரத்தில் அதிகாரிகள் வந்து பூட்டி சீல் வைத்தார்கள். கர்டர் முனை சுவரில் சரியாக உட்காரவே இல்லை, இன்னும் ஒரு காட்சி தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம் என்று வந்திருந்த இன்ஜினியர் சொன்னார். கூரை இன்றைக்கு வரை விழவில்லை. வேறு ஆட்கள் வந்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கீர்த்தனா மறுபடியும் வேலை தேடுகிறாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பயம் தீர்ந்து ஆத்திரம் பொங்கியது. எண்பது பேரும் யார் பெற்ற பிள்ளைகளோ, என் பெண்ணை ஏன் முதலில் இழுத்துக்கொண்டு வரவில்லை என்று கேட்டேன். அவளிடம் சொன்னால் அவள் கடைசியாகத்தான் வருவாள் என்று உங்களுக்குத் தெரியாதா, இவள் ஒருத்திதானே நமக்கு என்று கத்தினேன். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், பயந்தாங்கொள்ளி என்று மட்டும் சொல்லவில்லை.

"தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்" என்றார். "அங்க அந்த வார்த்த வேற யாருக்குத் தெரியும்? ஆனா அவகிட்ட சொன்னதுலருந்து அவ வெளிய வர வரைக்கும் எனக்கு மூச்சே இல்ல ரேவதி."

கீர்த்தனா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கும்போது அவள் நான் பிடித்திருந்த மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள். நாலு நகமும் பதிந்து தோல் கிழிந்து, ரத்தம் கட்டிப் போயிருந்தது.

"இன்னாப்பா இது?"

நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "வேலையில கட்டுக்கம்பி கிழிச்சிடுச்சு" என்றார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவர் வேலைக்கே போகவில்லை.